வராத காய்ச்சலுக்கு ஒரு கணக்கு

கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகைக் கார் எடுத்தேன். கரியாலூர் போகணும் என்றதும் டிரைவர் நேராகப் போய் டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி டயரை அமுக்கிப் பார்த்தார். திருப்தி இல்லை. கழற்றி உருட்டிக்கொண்டு போய், எதிர்ப்பக்கத்து பஞ்சர் கடையில் காற்று பிடித்துக்கொண்டு வந்தார்.

"தினமும் இப்படிப் பார்ப்பீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். டவுனுக்குள்ள ஓட்டுறப்போ யாரு பாக்குறா? பஞ்சர் ஆனா தள்ளிட்டுப் போயிரலாம். மலைன்னா பாத்துருவேன். பாதி வளைவுல நின்னா யாரைக் கூப்பிடுறது?"

உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு முன்னேற்பாடு வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்தான் ஆனது. என் மடியில் இருந்த ஃபைலில் 40 பக்கம் இருந்தது. அதில் இந்த ஒரு வரி இல்லை.

என்ன ஃபைல் என்கிறீர்களா? சென்னையில் ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கும் நண்பர் கொடுத்தது. இன்னொரு பெருந்தொற்று வந்தால், முக்கியமாக இன்புளூயன்சா வந்தால், கம்பெனி எப்படி நிற்காமல் ஓடும் என்பதற்கான திட்டம். "நீ காமர்ஸ் படிச்சவன், பத்திரிகைக்காரன் வேற. படிச்சுட்டு ஓட்டை இருந்தா சொல்லு" என்றார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, கார் கல்வராயன் மலை ஏறத் தொடங்கும்போது நான் பாதிக்கு மேல் படித்து முடித்திருந்தேன்.

நல்ல ஃபைல்தான். யார் யார் வீட்டிலிருந்து வேலை செய்வது, ஆட்களை எப்படி இரண்டு அணியாகப் பிரிப்பது, யார் யாருக்கு போன் செய்ய வேண்டும், சர்வர் படுத்தால் என்ன செய்வது... எல்லாம் இருக்கிறது. ஆனால் வாசலில் நிற்கும் காவலாளி அதில் இல்லை. கழிவறை சுத்தம் செய்யும் அம்மா இல்லை. கேன்டீன் பையன் இல்லை. சரக்கு ஏற்றி இறக்குபவர்கள் இல்லை. சிக்னல் இருந்த கடைசி இடத்தில் காரை நிறுத்தச் சொல்லி நண்பருக்கு போன் போட்டேன்.

"அவங்கள்லாம் காண்ட்ராக்ட்பா. ஏஜென்சி பாத்துக்கும்."

இந்த வாரம் நாம் பேச வேண்டியது இந்தப் பதிலைப் பற்றித்தான். முன்னேற்பாடு என்றால் யாருக்கான முன்னேற்பாடு? அதற்கான செலவை யார் ஏற்க வேண்டும்?

முதலில், 'இதெல்லாம் தேவையா, எப்பவோ வரப்போற காய்ச்சலுக்கு' என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கணக்கு.

1918-இல் பம்பாய் துறைமுகம் வழியாக உள்ளே வந்த இன்புளூயன்சா ரயில் ஏறி நாடு முழுக்கப் போனது. இந்தியாவில் மட்டும் இறந்தவர்கள் சுமார் 1 கோடியே 20 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து இந்திய மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911-லிருந்து 1921 வரைதான். அந்தக் காய்ச்சல் கிழவர்களையும் குழந்தைகளையும் மட்டும் கொண்டுபோகவில்லை. 20 முதல் 40 வயதுக்காரர்களைக் குறிவைத்து அடித்தது. அதாவது, வேலைக்குப் போகிறவர்களை.

1957-இல் ஆசிய ஃப்ளூ. அது இந்தியாவுக்குள் நுழைந்த வாசல் நம்ம சென்னைத் துறைமுகம்தான். மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில் இறங்கியது. அடுத்த சில மாதங்களில் நாட்டில் பதிவான நோயாளிகள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல். 1968-இல் ஹாங்காங் ஃப்ளூ. 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று நாம் பெயர் வைத்த எச்1என்1. ஆக 1918-லிருந்து 2009-க்குள் நான்கு தடவை. இன்னொரு முறை வருமா என்பது கேள்வியே இல்லை. என்றைக்கு என்பதுதான் தெரியாது.

பி.காம். முதல் வருடத்தில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு. வரப்போகும் லாபத்தைக் கணக்கில் காட்டாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை. கடன் வாங்கிய வாடிக்கையாளர்களில் யாரோ சிலர் ஏமாற்றத்தான் போகிறார்கள். எந்த ஆசாமி என்று தெரியாது, எப்போது என்றும் தெரியாது. ஆனாலும் லாபத்திலிருந்து ஒரு தொகையை எடுத்துத் தனியே வைக்க வேண்டும். 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு' என்று அதற்குப் பெயர். இதைச் செய்யாமல் லாபம் காட்டினால் ஆடிட்டர் விடமாட்டார். அது லாபமே இல்லை, நாளைய நஷ்டத்தை இன்று மறைத்தது என்பார்.

ஏமாற்றப் போகிற வாடிக்கையாளருக்கு ஒதுக்கி வைக்கிற நாம், காய்ச்சலில் விழப்போகிற தொழிலாளிக்கு எதையும் ஒதுக்கி வைப்பதில்லை. யோசித்துப் பாருங்கள், இது விநோதமாக இல்லை?

நான் ஊருக்கு உபதேசம் செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2009-இல் நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஆகஸ்டில் புனேயில் ஒரு பள்ளி மாணவி எச்1என்1-க்கு இறந்த செய்தி வந்து நாடே கலங்கிய சமயம். எங்கள் ஆபீசிலும் ஒரு சர்க்குலர் வந்தது. 'காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் அலுவலகம் வர வேண்டாம்.' நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். டீ வாங்கி வரும் பையனும் போட்டான்.

இரண்டு வாரம் கழித்து அவனுக்கு நல்ல காய்ச்சல். கண் சிவந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்து டீ கொடுத்தான். "வீட்டுக்குப் போடா" என்று யாரோ சொன்னார்கள். சிரித்தான், போகவில்லை. தினக்கூலி. அடுத்த வாரம் எங்கள் பிரிவில் பாதிப் பேர் படுத்துவிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாதாரணக் காய்ச்சலாகக்கூட இருக்கலாம். யாரும் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. எங்களுக்கு மெடிக்கல் லீவு இருந்தது. அவன் முடியாமல் நான்கு நாள் வராமல் இருந்தான். அந்த நான்கு நாளுக்கும் கூலி கிடையாது.

அந்த வார வவுச்சரில் அவன் பெயருக்கு எதிரே நான்கு நாளைக் கழித்து எழுதியவன் நான்தான். கூட்டல் கழித்தல் சரியாக இருந்தது. பைசா வித்தியாசமில்லை. ஆனால், 'காய்ச்சல் இருந்தால் வராதே' என்ற சர்க்குலரும், 'வராவிட்டால் கூலி இல்லை' என்ற வவுச்சரும் ஒரே ஆபீசிலிருந்து, ஒரே பையனுக்குப் போயிருக்கின்றன என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. அவனுக்கு உறைத்திருக்கும். அதனால்தான் சிரித்தான்.

இன்புளூயன்சா விஷயத்தில் இது வெறும் இரக்கப் பிரச்னையும் இல்லை. புதுரக வைரஸ் வந்தால் அதற்கேற்ற தடுப்பூசி கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். 2009 ஜூன் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது. இந்தியாவில் தயாரான தடுப்பூசிகள் சந்தைக்கு வந்தது 2010 நடுவில். அந்த ஆகஸ்ட் 10-ஆம் தேதி பெருந்தொற்று முடிந்துவிட்டதாகவே அறிவித்துவிட்டார்கள். கல்யாணம் முடிந்தபின் வந்த மேளம் மாதிரி. அதுவரை நம்மிடம் இருப்பது என்ன? நோயாளி வீட்டில் இருப்பதுதான். வீட்டில் இருக்க வசதி இல்லாதவனிடம், வீட்டில் இரு என்று சொல்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

2020-இல் இதைப் பெரிய அளவில் பார்த்தோம். அது கொரோனா, இன்புளூயன்சா இல்லை. ஆனால் பரீட்சை ஒன்றுதான். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் உள்ள கோயம்பேடு மார்க்கெட் ஊரடங்கிலும் இயங்கியது. காய்கறி வேண்டுமே, இயங்கத்தான் வேண்டும். ஆனால் மூட்டை தூக்குபவர்கள் எங்கே படுப்பார்கள், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதற்கு உருப்படியான ஏற்பாடு இல்லை. தொற்று பரவி, மே 5-ஆம் தேதி மார்க்கெட்டை மூடினார்கள். அதற்குள் தொழிலாளர்கள் லாரி ஏறியும் நடந்தும் விழுப்புரம், கடலூர், அரியலூர், கள்ளக்குறிச்சி என்று சொந்த ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தொற்றும் கூடவே போனது. டி.வி.யில் அவர்களுக்கு 'கோயம்பேடு க்ளஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். கிருமியைச் சுமந்து வந்தவர்கள் என்று ஊர்கள் அவர்களைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறதா? அவர்கள் அதற்கு முந்தின நாள்வரை சுமந்தது நம் வீட்டுத் தக்காளியை.

ஒன்றைக் கவனியுங்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26. நாடு தழுவிய ஊரடங்கு 2020 மார்ச் 25. மாவட்டத்துக்கு நான்கு மாதக் குழந்தை வயது. சென்னையில் ஒதுக்கி வைக்காத செலவு, இந்தச் சின்ன மாவட்டத்தின் தலையில் வந்து விடிந்தது. கணக்குப் புத்தகத்தில் நாம் எழுதாமல் விட்ட செலவு மறைந்துபோவதில்லை. வேறு யாருடைய புத்தகத்திலோ போய் உட்கார்ந்துகொள்கிறது. பெரும்பாலும் புத்தகமே இல்லாதவர்களிடம்.

கரியாலூர் போய்ச் சேர்ந்தோம். குளிர்ந்த காற்று. மரவள்ளி வயல்கள். இங்கே வாழும் பழங்குடி மக்களை மலையாளிகள் என்பார்கள். கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில். டீக்கடையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இடம் கொடுத்தார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அடுத்து ஒரு பெரிய காய்ச்சல் வந்தால் என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்று எழுதப் போகிறேன் என்றேன்.

பெரியவர் டீயைக் குடித்து முடித்து கிளாசைக் கீழே வைத்தார். "நல்லது தம்பி. வராத காய்ச்சலுக்குப் பணம் எடுத்து வைக்கிறது இருக்கட்டும். வந்த காய்ச்சலுக்கு?"

என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அவர் கேட்டது குதர்க்கமும் இல்லை. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. சாலை, மருத்துவம், படிப்பு எல்லாம் மற்ற இடங்களைவிடப் பின்னால்தான் வந்தன. 2024-இல்கூட, இந்த மலை மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. பிரசவ வலி கண்டவளைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்த நினைவு உள்ள ஆட்களிடம் போய், எதிர்கால வைரஸ் என்று பேசினால் இப்படித்தான் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

இன்றைய நோயாளியை விட்டுவிட்டு நாளைய நோயாளிக்கு ஒதுக்குவது நியாயமா? திரும்பி வரும்வரை இதையே யோசித்தேன்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பெருந்தொற்றில் பத்துப் பேரில் மூன்று பேர் ஒரே வாரத்தில் படுத்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பரின் கம்பெனியில் ஒரு பிரிவில் பத்துப் பேர் என்றால், மிச்சம் ஏழு பேர் சமாளிப்பார்கள். கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் ஒரே ஒரு செவிலியர். அவர் படுத்தால்? ஒன்றில் ஒன்று போனால் பூஜ்யம். ரேஷன் கடையில் ஒரு விற்பனையாளர். குடிநீர்த் தொட்டி மோட்டாரைப் போட ஒரே ஆள். மலைக்கு ஒரு பஸ், அதற்கு ஒரு டிரைவர். எல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று. நம்முடைய திட்டங்கள் சதவீதத்தில் பேசுகின்றன. 'முப்பது சதவீத ஊழியர் இல்லாவிட்டாலும் சேவை தொடரும்' என்கின்றன. ஒற்றை ஆள் உள்ள இடத்தில் சதவீதத்துக்கு அர்த்தமே கிடையாது.

ஆக, மலைக்கான பெருந்தொற்று முன்னேற்பாடு என்பது குளிர்பதன அறையில் பூட்டி வைக்கிற விசேஷப் பொருள் இல்லை. இரண்டாவது செவிலியர். மோட்டார் போடத் தெரிந்த இரண்டாவது ஆள். ரேஷன் கடையைத் திறக்க இரண்டாவது சாவி. கூப்பிட்டால் எடுக்கிற போன். இவை இன்றைய காய்ச்சலுக்கும் உதவும், நாளைய காய்ச்சலுக்கும் உதவும். பெரியவரின் கேள்விக்கு இதுதான் என் பதில். வந்த காய்ச்சலை ஒழுங்காகப் பார்க்கிற இடம்தான் வராத காய்ச்சலுக்கும் தயாராக இருக்கிற இடம்.

அரசாங்கத்துக்கு இது தெரியாததும் அல்ல. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பதுதான் விதி. டிரைவரின் ஸ்டெப்னி விதியேதான். தூரம் அதிகமானால் ஏற்பாடும் அதிகம். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாவட்டங்களில் மருந்துக் கிடங்குகள் வைத்து, ஆஸ்பத்திரிகளுக்கு பாஸ்புக் கொடுத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் செய்தது. கடைக்காரர் கண்ணுக்கு அது முடங்கிய சரக்கு. நோயாளிக்கு அது உயிர். கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும் அந்த வகைதான். எழுதி வைத்த விதியை நடைமுறையில் நிரப்புவதுதான் பாக்கி. காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு பணியிடமும், காற்றில்லாத ஒரு ஸ்டெப்னி.

ஆனால் எல்லாமே இப்படி இரட்டைப் பயன் தரும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். சில ஏற்பாடுகள் சும்மாதான் கிடக்கும். கூடுதல் ஆக்சிஜன் சிலிண்டர் சும்மா கிடக்கும். கூடுதல் ஆள் சில நாள் பேப்பர் படிப்பார். அப்போது யாராவது வந்து, 'இது தண்டச் செலவு' என்று சிவப்பு மையில் எழுதுவார்கள். எழுதுகிறவர் பெரும்பாலும் என்னைப் போல காமர்ஸ் படித்தவராக இருப்பார். அந்தச் செலவால் காப்பாற்றப்பட்டவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. நன்றி சொல்ல ஆள் வராத செலவு இது. நல்ல காரியங்களில் இதுதான் செய்யக் கஷ்டமானது.

மலையிறங்கி சிக்னல் வந்ததும் நண்பருக்கு மறுபடி போன் செய்தேன். "ஓட்டை கேட்டியே, ஒண்ணே ஒண்ணு இருக்கு. உன் காவலாளிக்கும் துப்புரவுக்கார அம்மாவுக்கும் காய்ச்சல் வந்தா, பத்து நாள் கூலியோட லீவு. ஏஜென்சி குடுக்கலைன்னா நீ குடு. அதை முதல் பக்கத்துல எழுது."

"பொய் சொல்லி லீவு போடுவாங்களேப்பா!"

"சில பேர் போடுவாங்க. உன் கஸ்டமர்ல சில பேர் பணத்தை ஏமாத்துறாங்களே, அதுக்காக எல்லாருக்கும் கடன் குடுக்கிறதை நிறுத்திட்டியா? ஒதுக்கி வெச்சுட்டு வியாபாரம் பண்ணலையா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எவ்வளவு ஆகும்னு போட்டுப் பாக்கிறேன்" என்றார். போட்டுப் பார்ப்பாரா தெரியாது. அப்படி ஒன்றும் புரட்சிகரமான யோசனையும் இல்லை இது. நோயுற்ற தொழிலாளிக்கு வேலைக்கு வராத நாளிலும் பணம் கிடைக்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாடு 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்திலேயே ஏற்றுக்கொண்டது. அந்தக் குடையின் கீழ் வராதவர்கள்தான் இன்னும் ஏராளம். கோயம்பேட்டில் மூட்டை தூக்கியவர்கள் மாதிரி. எங்கள் ஆபீஸ் டீ பையன் மாதிரி.

நீங்கள் பெரிய நிறுவனம் நடத்துபவராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா இருப்பார். அடுத்த முறை அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நிற்கும்போது, "ஏன் இப்படியே வந்தீங்க?" என்று கேட்பதற்கு முன்னால், வராத நாளுக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதை ஒருமுறை யோசித்துக்கொள்ளலாம். பெருந்தொற்றுத் திட்டம் உங்கள் வீட்டில் தொடங்குகிற இடம் அதுதான்.

கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. டயர் எதுவும் பஞ்சராகவில்லை. வாடகையைக் கொடுத்துவிட்டு டிரைவரிடம் சும்மா சொன்னேன்: "காலையில மெனக்கெட்டுக் காத்துப் பிடிச்சீங்க. ஸ்டெப்னிக்கு வேலையே இல்லாமப் போச்சே."

அவர் பணத்தை எண்ணிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அதுக்கு வேலை வரக் கூடாதுன்னுதானே சார் காத்தே பிடிக்கிறது."